நோயாளியின் இரகசியமும் சட்டத்தின் எல்லையும்: ஆறுமுகநேரிக் கரையோரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

நோயாளி மருத்துவரிடம் கூறுவனவும், மருத்துவர் நோயாளியின் உடலில் கண்டறிவனவும் பிறர் அறியாவண்ணம் காக்கப்பட வேண்டும் என்பது மருத்துவ அறத்தின் தொன்மையான நெறி. இந்நெறி முழுமையானதன்று, கொள்ளைநோய், குற்றம், பிறர் உயிருக்கு நேரும் தீங்கு ஆகியவற்றை முன்னிட்டு அதற்குச் சட்டம் எல்லை வகுத்துள்ளது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இன்றுவரை அவ்வெல்லை எவ்வாறு மாறிவந்துள்ளது என்பதைத் தூத்துக்குடி, ஆறுமுகநேரி ஆகிய கரையோர ஊர்களின் சூழலிலும், சென்னையில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கொன்றின் துணையுடனும் இக்கட்டுரை ஆராய்கிறது. சட்டத்தின் வளர்ச்சி, ‘சொல்லலாமா, கூடாதா’ என்னும் வினாவிலிருந்து ‘யாரிடம், எவ்வளவு, எந்த முறையில்’ என்னும் வினாவை நோக்கி நகர்ந்துள்ளது என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மருத்துவ மறைகாப்பு, கொள்ளைநோய்ச் சட்டம், எச்.ஐ.வி., போக்சோ, ஆறுமுகநேரி, தூத்துக்குடி

முன்னுரை

தூத்துக்குடி மாவட்டம் திருச்செந்தூர் வட்டத்தில் அமைந்த ஆறுமுகநேரி, உப்பளங்களால் பெயர்பெற்ற பேரூர். ஒருபுறம் காயல்பட்டினமும் மறுபுறம் சாகுபுரம் ஆலைப் பகுதியும் அதனை ஒட்டியுள்ளன. உப்பளத்தில் உடன் உழைப்பவரும், உறவுமுறையாரும், அண்டைவீட்டாரும் ஒரே மருத்துவரின் வாயிலில் காத்திருக்கும் இத்தகைய ஊர்களில் நோய் என்பது உடலின் செய்தி மட்டுமன்று. அது திருமணப் பேச்சையும் வேலையையும் வாடகை வீட்டையும் தொடும் செய்தி. பெருநகரில் முகமறியாமை அளிக்கும் காப்பைச் சிற்றூரில் மருத்துவரின் வாயடக்கம் ஒன்றே அளிக்க இயலும்.

அவ்வாயடக்கத்தை இந்தியச் சட்டம் எந்த அளவுக்குக் காத்தது, எங்கெங்கு விலக்கியது என்னும் வினாவை வரலாற்று நிலையில் அணுகுவது இக்கட்டுரையின் நோக்கம். நோயாளியின் செய்தியை வெளியிடாது காக்கும் கடமை இங்கு ‘மறைகாப்பு’ எனப்படுகிறது.

1. மரபில் மறைகாப்பு

கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் உறுதிமொழி, மருத்துவர் அறிந்தவற்றுள் வெளியிடத் தகாதவற்றை மறைத்துக் காக்குமாறு பணிக்கிறது. சரக சம்கிதையின் விமானத்தானப் பகுதியில் மாணவர்க்கு உரைக்கப்படும் அறிவுரையும், நோயாளியின் இல்லத்துச் செய்திகளை வெளியே கூறலாகாது என வலியுறுத்துகிறது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என மருத்துவத்தை நாற்கூறாகப் பகுத்துக் காண்கிறது.

சித்த மருத்துவச் சுவடிகளில் ‘மறைப்பு’ என்னும் கருத்து மிகுதியும் பயில்கிறது. ஆயின் அங்கு மறைக்கப்படுவது பெரும்பாலும் மருந்தின் செய்முறையே. பரிபாடைச் சொற்களால் அது தகுதியற்றோர்க்கு எட்டாதவாறு காக்கப்பட்டது. நோயாளியின் செய்தியைக் காப்பது மருத்துவரின் ஒழுக்கத்தைச் சார்ந்து நின்றது. இவ்வாறு மரபில் மறைகாப்பு மருத்துவரின் பண்பாகவே அமைந்தது. நோயாளி கோரிப் பெறத்தக்க உரிமையாக அது வடிவம் பெறவில்லை. காலனியச் சட்டமும் இந்நிலையை மாற்றவில்லை.

2. துறைமுகக் கரையும் கொள்ளைநோய்ச் சட்டங்களும்

முத்துக்குளிப்புக் காலங்களில் மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் தற்காலிகக் குடியிருப்புகள் எழுந்தன. சிறிய இடத்தில் பெருங்கூட்டம் திரண்டதால் வாந்திபேதி குறித்த அச்சம் முத்துக்குளிப்போடு ஒட்டியே இருந்தது. 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் வழி திறக்கப்படும் வரை இலங்கைக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்க்குத் தூத்துக்குடி முதன்மையான வாயிலாக விளங்கியது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள தட்டப்பாறையில் அமைந்த முகாமில் அவர்கள் தங்கவைக்கப்பட்டு, மருத்துவக் கண்காணிப்புக்குப் பின்னரே கப்பலேற்றப்பட்டனர். அங்கு மருத்துவர் தொழிலாளியின் நலம் நாடி அமர்ந்தவர் அல்லர். கப்பலேறத் தக்கவரையும் தகாதவரையும் பிரிக்கும் அலுவலராக இருந்தார். அவர் கண்டறிந்தது நோயாளிக்கு உரிய செய்தியாக அன்றி அரசுக்கு உரிய செய்தியாகக் கருதப்பட்டது.

இம்மனப்போக்கின் சட்ட வடிவங்கள் பல. பால்வினை நோய் குறித்து 1868இல் இயற்றப்பட்ட இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம் பாலியல் தொழிலில் ஈடுபட்ட பெண்களைப் பதிவுசெய்து கட்டாயச் சோதனைக்கு உட்படுத்தியது. எதிர்ப்புக்குப் பின் 1888இல் அது நீக்கப்பட்டது. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியதைத் தொடர்ந்து 1897இல் கொள்ளைநோய்கள் சட்டம் வந்தது. வீடுகளில் புகுந்து சோதிக்கவும், பயணிகளைத் தடுத்து ஆராயவும், நோயுற்றோரைப் பிரித்து வைக்கவும் அது வழிவகுத்தது. சென்னை மாகாணத்தில் நோய்ப் பகுதிகளிலிருந்து வந்தோர்க்குப் ‘பிளேக் பாஸ்போர்ட்’ வழங்கப்பட்டு, அவர்கள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டனர். 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், தொற்றுநோயை அறியும் மருத்துவர் அதனைச் சுகாதார அலுவலர்க்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் கடமையை நிலைப்படுத்தியது.

இங்கு ஒரு முரண் தெளிவாகிறது. நோயாளியின் இரகசியம் காக்கப்பட வேண்டும் எனச் சட்டமன்றம் விதி எழுதுவதற்கு நெடுங்காலம் முன்பே, அதனை எப்போது வெளியிட வேண்டும் என்னும் விதிவிலக்குகள் எழுதப்பட்டுவிட்டன.

3. சாட்சிக் கூண்டில் மருத்துவர்

விதி எழுதப்படாமைக்கு ஆங்கிலச் சட்ட மரபும் ஒரு காரணம். 1776இல் கிங்ஸ்டன் சீமாட்டியின் இருதார மண வழக்கில், அறுவை மருத்துவர் சீசர் ஹாக்கின்ஸ் தாம் தொழில்வழி அறிந்ததைக் கூறக் கடமைப்பட்டவரா என வினவினார். மருத்துவர் தாமாக வெளியிடின் அது நம்பிக்கைக் கேடு. நீதிமன்றம் கேட்கும்போது கூறுவது அவ்வாறாகாது என மான்ஸ்ஃபீல்டு பிரபு விடையளித்தார்.

ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்திலும் இந்நிலையே தொடர்ந்தது. கணவன் மனைவியர் தம்முள் பேசியதற்கும், கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் கூறியதற்கும் அச்சட்டம் காப்பளித்தது. நோயாளி மருத்துவரிடம் கூறியதற்கு அக்காப்பு இல்லை. அதற்கு மாற்றாக வந்து 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியமும் மருத்துவரை அவ்வரிசையில் சேர்க்கவில்லை. ஆகவே நீதிமன்ற ஆணைக்கு முன் மருத்துவரின் மௌனம் நிற்பதில்லை.

அரசு மருத்துவமனைகளின் ‘விபத்துப் பதிவேடு’ இதன் அன்றாட வடிவம். காயத்துடன் வருவோர் எவ்வாறு, எவரால் காயமுற்றதாகக் கூறினர் என்பது அதில் பதிவாகிறது. காவல்துறைக்குச் செய்தி செல்கிறது. நோயாளி வலியோடு மருத்துவரிடம் கூறிய முதற்சொல் பின்னர் வழக்கில் சான்றாகிறது. பல வேளைகளில் இது நோயாளிக்கே காப்பாக அமைகிறது எனினும், அச்சொல் யாரைச் சென்றடையும் என்பதை அறிந்தே எல்லாரும் கூறுகின்றனர் எனக் கொள்ள இயலாது.

மருத்துவத் தொழிலின் உள்விதிகள் இவ்விடைவெளியை ஓரளவே நிரப்பின. 1914ஆம் ஆண்டுச் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் மருத்துவர்க்குப் பதிவேட்டையும் ஒழுங்கு அமைப்பையும் தந்தது. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க நெறிமுறைகள், நோயாளியின் இரகசியத்தை வெளியிடுவதைத் தொழில்முறைத் தவறாக அறிவித்து மூன்று விலக்குகளை மட்டும் ஏற்றன: நீதிபதியின் ஆணை, குறிப்பிட்ட ஒருவர்க்கோ சமூகத்திற்கோ தெளிவான கடும் இடர், அறிவிக்கப்பட வேண்டிய நோய்.

4. ஆலையும் நோய் அறிவிப்பும்

விதிவிலக்கு எப்போதும் நோயாளிக்கு எதிரானது எனக் கருதுவது பொருந்தாது. ஆறுமுகநேரியை ஒட்டிய சாகுபுரத்தில் 1950களின் இறுதியில் காஸ்டிக் சோடா உற்பத்தி தொடங்கியது. அதற்கு முன்பே வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், பாதரச நஞ்சேற்றம், ஈய நஞ்சேற்றம், சிலிக்கோசிஸ் முதலிய தொழில்சார் நோய்களை அட்டவணைப்படுத்தியது. அவற்றுள் ஒன்று ஆலைத் தொழிலாளிக்கு இருப்பதாகக் கருதும் மருத்துவர், அதனைத் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளர்க்கு எழுத்துவழி தெரிவிக்க வேண்டும் என்று பணித்தது. உப்பளமும் இச்சட்டத்தின்படி தொழிற்சாலையே என 1961இல் பம்பாய் மாநில உப்பளம் ஒன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவ்வறிவிப்பு எவரைச் சென்றடைகிறது என்பதே இங்கு முதன்மையானது. அது முதலாளிக்கோ உடன் உழைப்பவர்க்கோ அன்றி, ஆலையைச் சோதிக்கும் அதிகாரமுடைய அலுவலர்க்கு அனுப்பப்படுகிறது. ஒரு தொழிலாளியின் நோய்ச்செய்தி வெளிப்படுவதால் ஏனைய தொழிலாளரும் காக்கப்படுகின்றனர். அதே செய்தி கூலி வழங்கும் மேற்பார்வையாளரின் செவிக்கு எட்டுமாயின் அவர் வேலை இழக்க நேரிடலாம். செய்தி ஒன்றே, பெறுநர் மாறும்போது அதன் விளைவு தலைகீழாகிறது.

5. சென்னையில் ஒரு குருதிச் சோதனை

மறைகாப்பு குறித்த இந்தியச் சட்டச் சிந்தனையைப் புரட்டிப்போட்டது எச்.ஐ.வி. தொற்று. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் நுண்ணுயிரியல் மாணவி நிர்மலா மேற்கொண்ட ஆய்வே இந்தியாவில் இத்தொற்றை முதலில் வெளிக்கொணர்ந்தது. காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர் உள்ளிட்டோரின் குருதி மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. மருத்துவ அறிவுக்கு இது பெரும்பேறு. ஆயினும் குருதி தந்த பெண்கள், மறுத்துக் கூறும் நிலையில் இல்லாதவர்கள் என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே.

அரசின் முதல் எதிர்வினை பழைய கொள்ளைநோய்ச் சட்டங்களின் வழியிலேயே அமைந்தது. கோவாவில் 1989இல் குருதிக்கொடையாளர் டொமினிக் டிசூசா தொற்றுள்ளவர் எனக் கண்டறியப்பட்டுத் தனிமைக் காவலில் வைக்கப்பட்டார். அதே ஆண்டு மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட எய்ட்ஸ் தடுப்பு மசோதா பின்னர் திரும்பப் பெறப்பட்டது. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டு, அடைத்துவைத்தலிலிருந்து ஆற்றுப்படுத்தலை நோக்கி அணுகுமுறை நகரத் தொடங்கியது.

இச்சூழலில் எழுந்ததே ‘மிஸ்டர் எக்ஸ் எதிர் ஹாஸ்பிட்டல் இசட்’ என்னும் வழக்கு. நாகாலாந்து அரசின் மருத்துவப் பணியிலிருந்த ஒருவர், சிகிச்சைக்கு வந்த நோயாளிக்குத் துணையாக 1995இல் சென்னை வந்தார். அங்குத் தனியார் மருத்துவமனையில் அவர் குருதி வழங்கியபோது எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. அவருக்கு அவ்வாண்டின் இறுதியில் நடைபெறவிருந்த திருமணம் நின்றுபோனது. தம் குடும்பத்தாரும் சமூகத்தாரும் செய்தி அறிந்து ஒதுக்கியதால் கோகிமாவை விட்டுச் சென்னையில் குடியேற நேர்ந்ததாக அவர் முறையிட்டார். மருத்துவமனை இரகசியத்தை வெளியிட்டதற்கு இழப்பீடு வேண்டும் என்பது அவர் கோரிக்கை.

1998 செப்டம்பர் 21 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அம்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. மறைகாப்பு மருத்துவரின் கடமையே என்றும், தனிமறைவு வாழ்வுரிமையின் கூறே என்றும் நீதிமன்றம் ஏற்றது. ஆயினும் மணமகளாகவிருந்த பெண்ணின் நலமான வாழ்வுரிமை அதனை விஞ்சும் என அது கருதியது. அதனுடன் நில்லாது, இத்தொற்றுள்ளவரின் திருமண உரிமை குணமாகும் வரை நிறுத்திவைக்கப்பட்ட உரிமை என்னும் கருத்தையும் தெரிவித்தது. தொற்றுள்ளோரிடையே அச்சத்தைத் தோற்றுவித்த இக்கருத்து, அவ்வழக்கின் முடிவுக்குத் தேவையற்றது என 2002 டிசம்பர் 10 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவுபடுத்தியது. மறைகாப்புக்கு எல்லை உண்டு என்னும் முடிவு மட்டும் நிலைத்தது.

இத்தீர்ப்பின் குறை எங்குள்ளது? ஒரு பெண்ணைத் தொற்றிலிருந்து காத்தல் வேண்டும் என்னும் நோக்கில் குறை காண இயலாது. கலிபோர்னிய நீதிமன்றமும் 1976இல் டாரசாஃப் வழக்கில், நோயாளியால் தாக்கப்படக்கூடிய குறிப்பிட்ட ஒருவரைக் காக்கும் கடமை உளநல வல்லுநர்க்கு உண்டு எனத் தீர்ப்பளித்திருந்தது. சிக்கல் வேறொன்று. தீர்ப்பின் காரணம் ஒரே ஒருவர்க்கு உரியது; செய்தி அறிந்தோரோ பலர். மணமகள் அறிய உரிமையுடையவர் என்பதால் ஊர் அறியவும் உரிமை உண்டாகாது. யார் கூற வேண்டும், யாரிடம் மட்டும் கூற வேண்டும், கூறுமுன் நோயாளிக்கு என்ன வாய்ப்பளிக்க வேண்டும் என்னும் நடைமுறையைத் தீர்ப்பு வகுக்கவில்லை. எல்லை உண்டு என அறிவித்த நீதிமன்றம் அவ்வெல்லைக்கு வேலி அமைக்கவில்லை.

6. வேலி எழுப்பப்பட்டமை

அவ்வேலி ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் சட்டமன்ற வழியில் வந்தது. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. தகவலறிந்த ஒப்புதலின்றி ஒருவரின் தொற்றுநிலையை வெளியிடலாகாது என்பது அதன் பொதுவிதி. இணையருக்குக் கூறுவதற்கு மருத்துவர், ஆற்றுப்படுத்துநர் ஆகியோர்க்கு மட்டுமே இசைவு உண்டு. இணையருக்குத் தொற்றும் இடர் மிகுதி என அவர் நியாயமாக நம்ப வேண்டும். தாமே கூறுமாறு நோயாளிக்கு அறிவுரை வழங்கியிருக்க வேண்டும். நோயாளி கூறமாட்டார் என உறுதிப்பட வேண்டும். தாம் கூறவிருப்பதை நோயாளிக்கு முன்னரே தெரிவிக்க வேண்டும். இணையருக்கு நேரில், ஆற்றுப்படுத்தலுடன் கூற வேண்டும். கூறுவதால் வன்முறைக்கோ கைவிடப்படுதலுக்கோ ஆளாகக்கூடிய நிலையில் தொற்றுள்ளவர், குறிப்பாகப் பெண், இருப்பின் கூறலாகாது. வழக்காடும்போது பெயரை மறைத்துக் கொள்ளவும் வழியுண்டு. தமிழ்நாட்டின் ‘நம்பிக்கை மைய’ங்களில் ஆற்றுப்படுத்துநரின் பணி இச்சட்டத்தால் உறுதியான அடித்தளம் பெற்றது.

1998இன் தீர்ப்பையும் 2017இன் சட்டத்தையும் ஒப்பிடின், இரண்டும் இணையரின் உயிரைக் காக்கவே முனைகின்றன. பின்னது கூறும் வாயையும் கேட்கும் செவியையும் ஒவ்வொன்றாக வரையறுக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தனிமறைவு அடிப்படை உரிமை என ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அறிவித்ததும், வெளியிடலுக்குச் சட்டம், நேரிய நோக்கம், அளவுப்பொருத்தம் ஆகியன வேண்டும் என்னும் அளவுகோல் வலுப்பெற்றதும் இப்போக்கிற்குத் துணைநின்றன.

போக்கு தடையின்றி முன்னேறியதாகக் கூற இயலாது. காசநோய் 2012 மே 7 முதல் அறிவிக்கப்பட வேண்டிய நோயானது. 2018இல் அறிவிக்கத் தவறும் மருத்துவர்மீது குற்றவியல் நடவடிக்கைக்கும் வழி காணப்பட்டது. அறிவிப்பைப் பெறுவது சுகாதாரத் துறை என்பதால் இது வரம்புக்குட்பட்டது. கொரோனா காலத்திலோ 1897ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் உயிர்பெற்றது. சென்னை முதலிய இடங்களில் தொற்றாளர் வீட்டுக் கதவுகளில் அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. சுகாதார அலுவலர் அறிய வேண்டியது தெரு முழுவதும் அறியும் செய்தியாயிற்று. உரிய அதிகாரியின் குறிப்பான ஆணையின்றி அவ்வாறு ஒட்டலாகாது என உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 9 அன்று கூறியது.

7. வளரிளம் பெண்ணும் மருத்துவரின் கடமையும்

இன்று இவ்வினா மிகக் கூர்மையாக எழுமிடம் மகப்பேறு மருத்துவம். கருக்கலைப்புச் சட்டமும் அதன் விதிகளும் பெண்ணின் பெயரை மறைத்துக் காக்கப் பணிக்கின்றன. 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவோ, 18 வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றத்தை அறியும் எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. விருப்பத்துடன் பழகிய 17 வயதுப் பெண் கருவுற்று வரினும் மருத்துவர் அறிவிக்கக் கடமைப்பட்டவரே.

இதன் விளைவை ஆறுமுகநேரி போன்ற ஊரில் எண்ணிப் பார்த்தல் தகும். மருத்துவமனையிலிருந்து செய்தி மகளிர் காவல் நிலையத்துக்குச் செல்லும்; விசாரணைக்கென வாகனம் தெருவுக்கு வரும்; பெயரை மறைக்குமாறு பணிக்கும் சட்டங்கள் ஏட்டளவில் நின்றுவிடும். இதற்கு அஞ்சும் குடும்பம் தகுதியற்றவரை நாடுமாயின் பறிபோவது அப்பெண்ணின் உயிர்.

இச்சிக்கலுக்கு 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்வு கண்டது. மருத்துவர் அறிவிக்கும் கடமை நீங்கவில்லை; ஆயின் அப்பெண்ணும் காப்பாளரும் வேண்டினால் அவ்வறிவிப்பில் அவள் பெயரையும் அடையாளத்தையும் குறிப்பிடத் தேவையில்லை என அது தெளிவுறுத்தியது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் என். ஆனந்த் வெங்கடேஷ், சுந்தர் மோகன் அமர்வு இதனைச் சுட்டி, பெயரை வெளியிடுமாறு மருத்துவர்களை வற்புறுத்தலாகாது என உணர்த்தியது. குற்றம் நிகழ்ந்ததை அரசு அறிகிறது. யாருக்கு நிகழ்ந்தது என்பது அவள் விரும்பும்வரை மருத்துவரிடமே தங்குகிறது. ‘யாரிடம்’ என்னும் வினாவுடன் ‘எவ்வளவு’ என்னும் வினாவும் இங்குச் சட்டத்தில் இடம்பெறுகிறது.

முடிவுரை

தட்டப்பாறை முகாமில் மருத்துவர் கண்டது முழுவதும் அரசுக்கு உரியதாக இருந்தது. தொழிற்சாலைகள் சட்டத்தில் அது ஒரு குறிப்பிட்ட அலுவலர்க்கு உரியதாயிற்று. 1998இல் பிறர் உரிமையின் பெயரால் எல்லை விரிந்தது. 2017இல் அவ்வெல்லைக்கு வேலி எழுந்தது. 2022இல் அறிவிப்பிலிருந்து பெயரே பிரித்தெடுக்கப்பட்டது. மறைகாப்பின் விதிவிலக்குகள் குறையவில்லை. ஒவ்வொரு விதிவிலக்கும் யாருக்காக ஏற்பட்டது என்பதைச் சட்டம் மேன்மேலும் நுட்பமாக வரையறுக்கக் கற்றுள்ளது என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை.

எனினும் சட்டங்கள் மருத்துவரையே முதன்மையாக நோக்கி எழுதப்பட்டுள்ளன. சிற்றூர் மருத்துவமனையில் செய்தி மருத்துவரிடமிருந்து மட்டும் கசிவதில்லை. வரிசையில் நிற்போர் கேட்க உரத்து அழைக்கப்படும் பெயரும், மேசைமேல் விரிந்து கிடக்கும் பதிவேடும், கதவில்லாத ஆற்றுப்படுத்தும் அறையும் அதே வேலையைச் செய்கின்றன. நீதிமன்றங்கள் வகுத்த எல்லை ஆறுமுகநேரி போன்ற ஊர்களில் பொருள்பெற வேண்டுமாயின், அது பதிவேட்டுக்கும் அறைக்கதவுக்கும் வந்துசேர வேண்டும். செய்தி வெளிப்பட்டபின் கிடைக்கும் இழப்பீடு நின்றுபோன திருமணத்தையோ விட்டுவந்த ஊரையோ மீட்டுத் தருவதில்லை.